முதல் ஆய்வுக் கட்டுரை: முப்பதாயிரம் கட்டும் முன்

ஐயா, வணக்கம். மகள் வேதியியலில் பிஎச்.டி. சேர்ந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது, இன்னும் ஒரு பேப்பர்கூட வரவில்லை, முப்பதாயிரம் கட்டினால் இரண்டே மாதத்தில் 'ஸ்கோபஸ் ஜர்னலில்' (ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற ஜர்னலில்) போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம்.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷ உழைப்பில் எடுத்த ஒரு டேட்டாவை ஒரு முறைதான் கட்டுரையாக்க முடியும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற போலி ஜர்னலில் வந்துவிட்டால் அதே முடிவுகளை நல்ல ஜர்னல் எதுவும் தொடாது. போலி ஜர்னல்காரரிடம் 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்டால், எடுப்பதற்கும் தனியாகப் பணம் கேட்பார். நல்ல பெயருள்ள பதிப்பகமாக இருந்தாலும், இடைத்தரகர் வழியாகப் போன கட்டுரை பின்னால் மாட்டிக்கொள்ளும். 2023-இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை கட்டுரையின் மேலேயே நிற்கும். நாளைக்கு உதவிப் பேராசிரியர் நேர்காணலில் உட்காருகிறபோது யார் வேண்டுமானாலும் போனில் தேடிப் பார்க்கலாம்.

அவசரம் எவ்வளவு என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தீசிஸ் கொடுப்பதற்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. மகள் பதிவு செய்த வருஷத்துக்கு எந்த ரெகுலேஷன் பொருந்துமோ அதன் பிரதியை ஆராய்ச்சிப் பிரிவில் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேப்பர், எந்தப் பட்டியலில் உள்ள ஜர்னல், ஏற்பு மின்னஞ்சல் போதுமா, அச்சில் வந்திருக்க வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். சீனியர் சொன்னதை நம்பி நடக்காதீர்கள். அவர் வேறு வருஷத்து ரெகுலேஷனில் சேர்ந்தவர். 'யு.ஜி.சி. கேர் லிஸ்ட்' (யு.ஜி.சி. ஏற்ற ஜர்னல்களின் பட்டியல்) என்று இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டது. இனி ஜர்னலின் தரத்தைப் பார்க்கிற பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கும் கைடுக்கும் ஸ்காலருக்கும்தான்.

நேர்மையான வழியில் முதல் பேப்பருக்கு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எட்டு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை ஆகும். எழுத இரண்டு மூன்று மாதம், ரிவியூவர்கள் (கட்டுரையை மதிப்பிடும் துறை நிபுணர்கள்) பார்க்க இரண்டு முதல் நான்கு மாதம், திருத்த ஒன்றிரண்டு மாதம், நடுவில் ஒரு நிராகரிப்பு. இரண்டாம் வருஷக் கடைசியில் தொடங்குகிறவர் தாமதித்துவிடவில்லை. மூன்றாம் வருஷக் கடைசியில் தொடங்கினால்தான் நெருக்கடி.

இனி வருவது மகள் படிக்க வேண்டியது. அவரோடு நேரடியாகவே பேசுகிறேன்.

இலைச்சாறு கொண்டு ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் தயாரித்து, அதை வைத்து வெளிச்சத்தில் மெத்திலீன் ப்ளூ சாயத்தைச் சிதைக்கிறீர்கள். தமிழ்நாட்டு வேதியியல் துறைகளில் மிகப் பலர் நடக்கிற பாதை இது, அதனாலேயே நெரிசலும் அதிகம். வேப்பிலையில் ஒருவர் செய்தார், துளசியில் இன்னொருவர் செய்தார், நாங்கள் வேறொரு இலையில் செய்தோம் என்பது மட்டுமே கட்டுரையின் சேதி என்றால், எடிட்டர் ரிவியூவருக்கே அனுப்பாமல் ஒரே வாரத்தில் திருப்பிவிடுவார். அதற்குப் பெயர் டெஸ்க் ரிஜெக்ஷன். இலையை மாற்றியதால் என்ன மாறியது என்று ஒரே ஒரு கேள்வியாவது கேட்டு, பதிலைக் காட்ட வேண்டும். சாற்றின் அளவைக் கூட்டினால் துகளின் அளவு மாறுகிறதா? சாயப்பட்டறைக் கழிவில் இருப்பது போல உப்பைக் கலந்த தண்ணீரிலும் சாயம் சிதையும் வேகம் குறையாமல் இருக்கிறதா? உப்பில் உள்ள குளோரைடு அயனிகள், சாயத்தைச் சிதைக்கிற ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை விழுங்கிவிடும் என்பதால் வேகம் குறையவே வாய்ப்பு அதிகம். குறைந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள். அது பலருக்குப் பயன்படும் எண்.

எழுத உட்காரும் முன் சில சோதனைகள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ரிவியூவர் கட்டாயம் கேட்பவை இவை. கேட்டலிஸ்ட் (வினையூக்கி, இங்கே உங்கள் துகள்) இல்லாமல் வெறும் வெளிச்சத்தில் சாயம் எவ்வளவு குறைகிறது? வெளிச்சம் இல்லாமல் இருட்டில் அரை மணி நேரம் கலக்கினால் எவ்வளவு துகளில் ஒட்டிக்கொள்கிறது? இந்த இரண்டும் இல்லாவிட்டால், சாயம் ஒளியை உறிஞ்சும் 664 நானோமீட்டரில் தெரிகிற சரிவு சிதைவா, வெறும் ஒட்டலா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் மூன்று முறை எடுத்து, பிழைக்கோடு போட்டிருக்க வேண்டும். அதே துகளை நான்கைந்து முறை திரும்பப் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும், பயன்படுத்திய பின் எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுத்திருக்க வேண்டும். எந்த ரேடிக்கல் வேலை செய்கிறது என்று காட்ட ஐசோபுரொப்பனால், பென்ஸோகுயினோன், இ.டி.டி.ஏ. சேர்த்து ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கும் ஸ்கேவெஞ்சர் சோதனை வேண்டும். இன்னொன்று, மெத்திலீன் ப்ளூ தானே வெளிச்சத்தை உறிஞ்சும் பொருள். கட்புல ஒளியில் 'என் கேட்டலிஸ்ட் வேலை செய்தது' என்றால், சாயம்தான் வேலை செய்திருக்கும் என்று விவரமான ரிவியூவர் மடக்குவார். பீனால் போன்ற நிறமற்ற ஒரு பொருளிலும் ஒரு முறை செய்து வையுங்கள். எக்ஸ்.ஆர்.டி.யிலிருந்து ஷெரர் சமன்பாட்டில் வருவது படிக அளவு, எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் தெரிவது துகளின் அளவு. 22 நானோமீட்டர் என்று ஒரு இடத்திலும் 80 என்று இன்னொரு இடத்திலும் வந்தால் பயப்படாதீர்கள். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால்தான் தப்பு.

ஜர்னலைத் தேட ஏஜென்ட் வேண்டாம். உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலை எடுத்து, எந்த ஜர்னல் பெயர் மூன்று முறைக்கு மேல் வருகிறது என்று எண்ணுங்கள். அந்த நான்கைந்துதான் உங்கள் வாசகர் இருக்கும் இடம். ஒவ்வொன்றின் கடைசி இரண்டு வருஷத் தலைப்புகளைப் பார்த்து, உங்கள் அளவுக்கு வேலை செய்தவர்களுக்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு ஜர்னல்களைக் குறைவாக நினைக்காதீர்கள். இந்திய அறிவியல் அகாதமியின் 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்ஸஸ்', 'புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' இரண்டும் நன்கு மதிக்கப்படுபவை.

பெயர் கிடைத்ததும் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்கோபஸ் தளத்தின் 'சோர்ஸஸ்' பக்கம் எல்லோருக்கும் இலவசம். பெயரைப் போடாதீர்கள், எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நான்கு ஜர்னல் இருக்கும். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய வருஷத்தோடு நின்றிருந்தால் நீக்கப்பட்ட ஜர்னல். ஏஜென்ட்கள் காட்டுகிற 'ஸ்கோபஸ்' பல இப்படிப்பட்டவை. உண்மையான ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி அச்சு அசலாக வேறொரு தளம் நடத்துகிறவர்களும் உண்டு, ஆகவே வாட்ஸ்ஆப்பில் வந்த லிங்க்கில் நுழையாமல் பதிப்பகத்தின் முகப்பிலிருந்து ஜர்னலுக்குப் போங்கள். ரிவியூ முடியும் முன் பணம் கேட்டாலோ, மூன்று நாளில் ஏற்பு வந்தாலோ, வேதியியலும் வணிகவியலும் யோகாவும் ஒரே இதழில் வந்தாலோ விட்டு விலகுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண். வேறு பெயர்களில் 7.8, 8.2 என்று முகப்பில் ஒளிர்வதற்கு மதிப்பில்லை.

பணம் என்றதும் ஒரு விஷயம். பெரும்பாலான பழைய ஜர்னல்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. கட்டுரை ஏற்கப்பட்ட பின் ஒரு பக்கம் திறக்கும். 'ஓப்பன் ஆக்சஸ்' (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்று சொடுக்கினால் லட்சக்கணக்கில் பில் வரும், 'சப்ஸ்கிரிப்ஷன்' (சந்தா கட்டியவர்கள் படிப்பார்கள்) என்று சொடுக்கினால் ஒரு பைசா கிடையாது. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. சில ஜர்னல்கள் முழுக்க ஓப்பன் ஆக்சஸ், அங்கே இந்தத் தேர்வு இருக்காது. அதை அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எழுதுவதைப் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஆறேழு படங்களைப் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பி, எந்த வரிசையில் வைத்தால் கதை தானாக நகர்கிறது என்று பாருங்கள். ஜர்னல் பக்கத்தில் ஒரு நெடுவரிசையின் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான். அந்த அளவுக்குச் சுருக்கி அச்சடித்துப் பார்த்து, வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எண்களைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு செய்முறை, முடிவுகள், விவாதம், அதன்பின் முன்னுரை, கடைசியில் சுருக்கமும் தலைப்பும். சுருக்கத்தில் 'சிறப்பாகச் செயல்பட்டது' என்று எழுதாதீர்கள். எத்தனை நிமிடத்தில் எத்தனை சதவீதம், எவ்வளவு கேட்டலிஸ்ட், என்ன விளக்கு என்று எழுதுங்கள்.

சிமிலாரிட்டி சோதனையை (மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற சோதனையை) பல்கலைக்கழக நூலகத்தில் செய்துகொள்ளுங்கள், வெளியில் முன்பின் தெரியாத கடையில் கட்டுரையைக் கொடுக்க வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஆனால் எடிட்டர் பார்ப்பது சதவீதத்தை மட்டும் அல்ல, எங்கே ஒத்துப்போகிறது என்பதையும். முடிவுகள் பகுதியில் நான்கு வரி தொடர்ச்சியாக இன்னொருவருடையது என்றால் மொத்தம் 6 சதவீதம் என்பது காப்பாற்றாது. ஏ.ஐ. கருவியில் ஆங்கிலத்தைத் திருத்தினால் ஜர்னல் கேட்கிறபடி அறிவித்துவிடுங்கள். அது தருகிற ரெஃபரன்ஸை மட்டும் சேர்க்காதீர்கள், இல்லாத கட்டுரைக்குப் பொருத்தமான பெயரும் வருஷமும் போட்டுத் தரும். ஒவ்வொரு கட்டுரையின் டி.ஓ.ஐ.யையும் (அதன் நிரந்தர இணைய அடையாளத்தை) திறந்து பாருங்கள்.

யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் வரைவு எழுதும் முன்பே கைடிடம் பேசிவிடுங்கள், கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சரி. அனுப்பிய பின் பெயர் சேர்க்கவோ எடுக்கவோ எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவது கூடவே கூடாது.

அனுப்பிய பின் 'வித் எடிட்டர்' என்றே நான்கு வாரம் நின்றால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடலாம். 'அண்டர் ரிவியூ' என்றால் மூன்று மாதம் பொறுங்கள். நிராகரித்துவிட்டு 'எங்கள் இன்னொரு ஜர்னலுக்கு மாற்றட்டுமா' என்று கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள், அது பெரும்பாலும் பணம் கட்டும் ஜர்னலாக இருக்கும். 'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தம் தேவை) என்று வந்தால் பலர் அழுதுவிடுகிறார்கள். அது நல்ல சேதி. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அங்கேதான் முதல் பேப்பர்கள் பிழைக்கின்றன அல்லது சாகின்றன. கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கருத்தையும் தனித்தனியாக வெட்டி ஒட்டி, அதன்கீழ் பதில் எழுதுங்கள். 'இருட்டுச் சோதனை காட்டப்படவில்லை' என்பது கருத்து என்றால், 'திருத்திவிட்டோம், நன்றி' என்பது பதில் ஆகாது. 'இருட்டில் 30 நிமிடம் வைத்த சோதனையை மூன்று முறை செய்தோம். செறிவு 8 சதவீதம் குறைந்தது. படம் 5-ஆ-வில் புதிய கோடாகவும், பக்கம் 11, வரி 214 முதல் 219 வரை விளக்கமாகவும் சேர்த்திருக்கிறோம்' என்று வரி எண்ணோடு எழுதுங்கள். கேட்ட சோதனைக்குக் கருவி இல்லையென்றால் அதையும் சொல்லலாம். அது இல்லாததால் எந்த முடிவை எவ்வளவு அடக்கி எழுதினீர்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிவியூவர் தவறாகப் படித்திருந்தால், அவர் தவறாகப் படிக்கும்படி எழுதிய வாக்கியத்தை மாற்றுங்கள்.

கடைசியாக, அப்பாவும் மகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது ஒன்று. ஜர்னல் தளங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் இன்ஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டால், உலகம் முழுக்க மகளின் கட்டுரை ஒற்றை எழுத்தின்கீழ் பட்டியலாகும். அடுத்த கட்டுரையில் அப்பா பெயரை முழுசாக எழுதினால் வேறு ஆளாகிவிடுவார். கல்யாணத்துக்குப் பின் இன்ஷியல் மாறினால் மூன்றாவது ஆள். ஆகவே முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக முழுசாகப் போடுவதா என்று பேசி, சான்றிதழ்களோடு ஒத்துப்பார்த்து, ஒரே வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஓர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண்) இலவசமாக எடுத்துவிடுங்கள். ஏற்புக்குப் பின் வரும் புரூஃபை (வெளியிடும் முன் சரிபார்க்கத் தரும் பக்கங்களை) திருப்ப வழக்கமாக 48 மணி நேரம்தான் தருவார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெயரையும், பல்கலைக்கழகம் சொன்ன எழுத்துக்கூட்டலில் துறையின் முகவரி இருக்கிறதா என்பதையும்தான்.