பயன்படாத டிக்கெட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் பாட்டி 2018இல், 97 வயதில் காலமானார். 1938 தீபாவளி முடிந்து, பதினேழு வயதில், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு வந்தவர். தாத்தா இரண்டு வருடம் முன்பே வந்து, கடிதம் போடாமல் இருந்தாராம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிதான் பாட்டியை அழைத்து வந்து தாத்தாவிடம் சேர்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பாட்டி பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கும் வேலை. 1969இல் தாத்தா இந்தியாவுக்கே, ஊரோடு போய்விட்டார். பாட்டிக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தது, அவர் ஏறவில்லை. “பிள்ளைகளுக்காக இருந்துவிட்டார்” என்பார் அப்பா. கடைசிப் பிள்ளையான அவருக்கு அப்போது இருபது வயது. அந்த டிக்கெட் இன்னும் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் ஏதோ ஆட்டுக்கணக்கு.

ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவின் தம்பியைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. பாட்டி தன் 72ஆம் வயதில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அங்கே கிளம்பிப் போய்விட்டார். அவரிடம் பாஸ்போர்ட் இருந்ததே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து இறங்கினார்.

அவருடைய நினைவாகச் சிறு புத்தகம் போடப்போகிறோம். எழுதுவது நான். ‘தியாகச்சுடர்’ என்று அப்பா தலைப்பும் வைத்துவிட்டார். எழுத உட்கார்ந்தால் துயரமாகவே வருகிறது. படித்துப் பார்த்தால் பாட்டியின் சாயலே இல்லை. எங்கே தவறுகிறேன்?

எம்., ஈப்போ

*

அன்புள்ள எம்.,

தவறு தலைப்பில் இருக்கிறது. ‘தியாகச்சுடர்’ என்று போட்டுவிட்டு அதன் கீழே கறுப்புக் கண்ணாடியை எப்படி எழுதுவீர்கள்?

நானும் இதைச் செய்தவன்தான். என் பாட்டியின் கருமாதிக்கு அச்சடித்த தாளில் நான்கு பத்தி எழுதினேன். மெழுகுவர்த்தி, சுமைதாங்கி எல்லாம் தவறாமல் வந்தன. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். “நன்றாக இருக்கிறது தம்பி. யார் இந்த அம்மாள்?” என்று கேட்டார்.

அத்தை கேட்டது நியாயம். என் பாட்டிக்குத் தன் கைவேலை பற்றி இருந்த கர்வம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. விடிவதற்கு முன் நெற்றிவிளக்கோடு நிரைக்குள், தனக்கு ஒதுக்கிய மரவரிசைக்குள், போவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் பழைய வெட்டின்மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. பட்டை சுருளாக, பால் வடியும் மங்குக்குப் பக்கத்தில் விழும். அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டுவார், வெளிச்சம் ஊடுருவித் தெரியும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் ஒழுங்காக வெட்டவே வராது. அடுத்த நிரைக்காரியின் மரங்களைப் பார்த்து, “அம்மை போட்ட மூஞ்சி” என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்தது துயரம் இல்லை.

கூலி குறைவு, லயத்து வீடு ஒழுகியது, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைய பெயர் விழாது. எல்லாம் உண்மை. ஆனால் அது தோட்டத்தில் இருந்த எல்லாருடைய கதை. ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கும், அவன் அடித்த வாழைமர நோட்டும்கூட அப்படித்தான். அவற்றுக்கு ஒரு பக்கம் போதும்.

இனி உங்கள் பாட்டி. நீங்கள் கொடுத்த தேதியைக் கவனித்தீர்களா? தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்கப் போக, 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே தடுத்துவிட்டது. அதுவரை கங்காணி சேர்த்த ஆட்களுக்கு இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் கூலி கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு அந்த வழி இல்லை. சொந்தப் பணத்தில் போகிறவர்களைத் தடை தொடவில்லை. தேதி சரியென்றால், உங்கள் பாட்டியின் டிக்கெட்டுக்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். யார்? பதினேழு வயதுப் பெண் கையில் அந்தக் காசு எப்படி வந்தது? கங்காணி அழைத்து வந்தார் என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. நம் குடும்பங்களில் ‘அழைத்து வந்தார்கள்’ என்ற சொல் பல பெண்களின் துணிச்சலை மூடி வைத்திருக்கிறது. ஒருவேளை தேதிதான் தவறோ என்னவோ, அதையும் விசாரியுங்கள். தோடு விற்றாள், தாலி விற்றாள் என்று மட்டும் நீங்களாகப் புனைந்துவிடாதீர்கள். தெரியாததைக் கேள்வியாகவே அச்சடிக்கலாம்.

‘ரஜூலா’ 1926இல் கட்டிய கப்பல். மேல்தளப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏற்றும். பாயை விரித்த இடம்தான் வீடு. வழியெல்லாம் வாந்தி எடுத்த கதையை எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். உங்கள் பாட்டி அதற்கு மேல் ஏதாவது சொன்னாரா? பக்கத்துப் பாயில் யார் இருந்தார்கள்? கப்பலில் ஸ்நேகமானவர்களைச் சாகும்வரை உறவு கொண்டாடிய கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

1969க்கு வருகிறேன். முந்தைய ஆண்டு வந்த சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. கிடைக்காதோ என்ற பயத்தில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். தாத்தா போனதில் வியப்பில்லை. ஆனால் “பிள்ளைகளுக்காக” என்பது? கடைசிப் பிள்ளைக்கு இருபது வயதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் மனம் நோகாமல் கேட்டுப் பாருங்கள்: அந்த வயதில் அவருக்குப் பாட்டி வேண்டியிருந்தாரா, இல்லை பாட்டிக்கு இந்த ஊர் வேண்டியிருந்ததா? நாற்பத்தெட்டு வயதுப் பெண் கணவனோடு போகவில்லை என்று எழுத நமக்குக் கை வராது. பிள்ளைகளுக்காக என்று எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி.

சயாம் பயணத்தை உங்கள் அப்பா அஞ்சலியாக்கிவிடுவார் என்று நினைக்கிறேன். அஞ்சலிதான், மறுக்கவில்லை. 415 கிலோமீட்டர் ரயில்பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தோட்டங்களிலிருந்து போய்ச் செத்த ஆயிரமாயிரம் பேருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. கொழுந்தன் பெயரைத் தேடி அந்த வரிசைகளில் நடந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது. இதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும்.

ஆனால் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். அதற்குக் குடியுரிமை வேண்டும், படம் எடுக்க வேண்டும், அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஒருநாள் ஆவேசத்தில் கிளம்பியவர் இல்லை. நிதானமாகத் திட்டம் போட்டு, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் காத்த பெண். அந்தப் பாதையின் குவாய் நதிப் பாலத்தின்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது. அவர் அதில் ஏறினாரா, ஜன்னலோரம் உட்கார்ந்தாரா, கண்ணாடியை எந்தக் கடையில் பேரம் பேசி வாங்கினார், எந்த மொழியில்? ஒன்பது நாள் கணக்கு உங்களிடம் கொஞ்சமாவது இருக்கும். அஞ்சலியும் கண்ணாடியும் ஒரே பயணத்தில்தான் நடந்தன. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அவர் உங்கள் பாட்டி இல்லை.

கடைசியாக அந்த டிக்கெட். அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பென்சில் எழுத்து இன்னும் மங்குவதற்குள். பிரிந்து போன கணவரின் நினைவாக வைத்திருந்தார் என்று நீங்கள் எல்லாரும் நம்பியிருப்பீர்கள். எத்தனை ஆடு, யாரிடம் பங்குக்கு வளர்க்க விட்டது, எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். அவர் பத்திரப்படுத்தியது அந்தப் பக்கத்தையாகவும் இருக்கலாம்.