நாலு பெட்டி வெச்சும் எல்லாம் ஒரே பெட்டிக்கு ஏன் அடிச்சுக்குதுங்க?

கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி - பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல முட்டை இடுற இடத்தை பத்தி, மீதி கோழிங்களுக்குள்ள நடக்குற சண்டையை பத்தி. நெறைய பேர் இது ரெண்டும் வேற வேற பிரச்சனைன்னு நினைச்சு தனித்தனியா கேட்டிருந்தீங்க. இத்தனை வருஷம் கோழிங்க கூடவே இருந்ததுல எனக்கு புரிஞ்சது, யார் எங்க முட்டை இடுறாங்கங்கிறதை முடிவு பண்றதே அதுங்களுக்குள்ள இருக்குற உறவுதான். அதனால எல்லாத்தையும் சேர்த்தே பதில் எழுதுறேன்.

அக்கா, என்கிட்ட ஆறு பெட்டைங்க, முட்டை இட நாலு பெட்டி செஞ்சு வெச்சேன். ஆனா எல்லாம் மூலையில இருக்குற ஒரே பெட்டிக்குத்தான் போகுது. ஒண்ணு உள்ள உக்காந்திருக்கும்போதே இன்னொண்ணு அது மேலயே ஏறி உக்காருது, மூணாவது வெளிய நின்னு கத்திக்கிட்டே இருக்கு. மத்த பெட்டிங்கள்ல என்ன குறைன்னு புரியல.

பெரும்பாலும் குறை ஒண்ணும் இருக்காதுங்க. கோழி கண்ணால யோசிச்சு பாருங்க. நம்ம வீட்டு கோழிங்க எல்லாத்துக்கும் மூதாதை காட்டுல திரியுற செந்நிற காட்டுக்கோழி, அது புதருக்கு அடியில மறைவா தரையில குழி பறிச்சு முட்டை இடும். அந்த புத்தி இன்னும் அப்படியே இருக்கு. இருட்டா இருக்கணும், முதுகுக்கு பின்னாடி மறைப்பு இருக்கணும், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. உங்க மூலை பெட்டிதான் இருக்கறதுலயே இருட்டா, கதவுலேருந்து தள்ளி இருக்கும்னு நினைக்கிறேன். இன்னொரு விஷயம், ஏற்கனவே முட்டை கிடக்குற இடத்தை பார்த்தா கோழி அங்கயே இடப் பிரியப்படும், இன்னொருத்தி நம்பி இட்ட இடம்னா பத்திரமான இடமாத்தான் இருக்கும்ங்கிற மாதிரி. முதல் முட்டை எங்க விழுந்துச்சோ அன்னைக்கு பூரா அங்கதான் கூட்டம்.

அதுவும் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல அவசரம் வந்துடுது. ஒரு முட்டை உள்ள உருவாகி வெளிய வர 24லேருந்து 26 மணி நேரம் ஆகும், அதுல ஓடு கட்டுறதுக்கே 20 மணி நேரம் போயிடும். முட்டை இட்டு அரை மணி நேரத்துல அடுத்த முட்டைக்கான மஞ்சள் கரு இறங்கிடும். அதனால ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் தள்ளிப் போகும், ரொம்ப தள்ளிப் போச்சுன்னா ஒரு நாள் விட்டுட்டு மறுபடி காலைலேருந்து ஆரம்பிக்கும். மொத்தத்துல காலைலேருந்து மத்தியானத்துக்குள்ள எல்லாரும் வரிசையில நிப்பாங்க. இட வேண்டிய நேரம் நெருங்கினா கோழிக்கு இருப்பே கொள்ளாது, பெட்டி பெட்டியா எட்டிப் பார்க்கும், உள்ள போகும், வெளிய வரும், இழுத்து இழுத்து முனகும். வெளிய நின்னு கத்துறான்னு எழுதியிருக்கீங்களே, அவ பெரும்பாலும் கூட்டத்துக்குள்ள யார் பெரியவங்கங்கிற வரிசையில கீழ்ப் படியில இருக்குறவ. மேல் படிக்காரி எழுந்திருக்கிற வரைக்கும் காத்து நிக்கிறா. அவளை பார்த்தா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஏன்னா ரொம்ப நேரம் அடக்கி வெச்சா முட்டை ஓடு மேல வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி படிஞ்சு வரும், சில சமயம் ஓடு சொரசொரப்பா இருக்கும். அந்த மாதிரி முட்டை அடிக்கடி வருதான்னு பாருங்க.

நாலு அஞ்சு கோழிக்கு ஒரு பெட்டி இருந்தாலே போதும், எண்ணிக்கையை ஏத்த வேண்டாம். மத்த மூணு பெட்டியையும் மூலை பெட்டி மாதிரி ஆக்குங்க. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு அடி இருந்தா போதும், வாசல்ல பழைய சாக்கு துணியை பாதி வரைக்கும் தொங்க விட்டு இருட்டாக்குங்க, வைக்கோல் தாராளமா போடுங்க, அதை அவளே வட்டமா சுத்தி நெஞ்சால அழுத்தி குழி பண்ணிக்குவா. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு மர முட்டை, இல்லைன்னா ஒரு கோல்ஃப் பந்து போட்டு வைங்க. அப்புறம் ராத்திரியில டார்ச் அடிச்சு மத்த பெட்டிங்க இடுக்கை பாருங்க, சிவப்பா பொடியா செல்லுப்பூச்சி ஊர்ந்துச்சுன்னா அதுதான் காரணம், பகல்ல அது கண்ணுக்கே தெரியாது ஆனா கோழிக்கு தெரியும்.

புதுசா ரெண்டு விடைங்களை (இளம் பெட்டைங்களை) வாங்கிட்டு வந்து அன்னைக்கே பழைய கோழிங்களோட விட்டேன். ஒரு மணி நேரத்துல ஒண்ணுக்கு தலையில ரத்தம். பழசுங்க எல்லாம் நல்ல சாதுவான கோழிங்க, ஏன் இப்படி ஆச்சு?

முதல்ல அடிபட்டதை உடனே பிரிங்க, ரத்தம் தெரியற வரைக்கும் மத்தது எல்லாம் அந்த இடத்தையேதான் கொத்தும், சிவப்பை பார்த்தா அதுங்களால சும்மா இருக்க முடியாது. காயம் காஞ்சு மூடின அப்புறம் சேர்க்கலாம்.

சாது கோழிங்கதான், அதுல சந்தேகமில்ல. ஆனா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கொத்து வரிசை இருக்கு, யார் யாரை கொத்தலாம், யார் யாருக்கு ஒதுங்கணும்னு. இதை முதல்ல முறையா கவனிச்சு எழுதினவர் நார்வே நாட்டுக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே, சின்ன பையனா இருந்தப்பவே வீட்டு கோழிங்களை பார்த்து பார்த்து நோட்டுல குறிச்சு வெச்சவர், 1920களோட ஆரம்பத்துல அதை ஆராய்ச்சியா வெளியிட்டார். அவர் கவனிச்சதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, வரிசை எப்பவும் நேர்கோடா இருக்காதுங்கிறது. ஒருத்தி ரெண்டாவதை கொத்துவா, ரெண்டாவது மூணாவதை கொத்துவா, ஆனா அந்த மூணாவது வந்து முதல் ஆளையே கொத்துவா. என் கூட்டத்துலயும் அப்படி ஒரு முக்கோணம் ரெண்டு வருஷம் ஓடுச்சு.

வரிசை ஒரு தடவை முடிவாயிடுச்சுன்னா அப்புறம் சண்டையே தேவைப்படாது, ஒரு பார்வை போதும், தலையை லேசா தூக்கினா போதும், கீழ இருக்குறவ ஒதுங்கிடுவா. உங்க பழைய கோழிங்க சாதுவா தெரிஞ்சதுக்கு காரணமே அதுதான். புதுசா ஒரு முகம் வந்தா அந்த கணக்கு கலைஞ்சு போகுது, எல்லாரும் மறுபடி தன் இடத்தை நிரூபிக்கணும். கோழி மத்த கோழியை முக்கியமா தலையையும் கொண்டையையும் வெச்சுத்தான் அடையாளம் கண்டுக்குது, தெரியாத தலைன்னா தெரியாத ஆள்.

இனிமே இப்படி செய்யுங்க. புதுசு வந்தா மூணு நாலு வாரம் தள்ளி தனியா வைங்க, நோய் எதுவும் கூட வந்திருந்தா அதுக்குள்ள தெரிஞ்சுடும். அப்புறம் ஒரு வாரமாவது நடுவுல கம்பி வலை வெச்சு, பார்க்கலாம் ஆனா தொட முடியாதுங்கிற மாதிரி பக்கத்து பக்கத்துல வைங்க, ரெண்டு பக்கமும் வலை ஓரமாவே தீனி வைங்க, சேர்ந்து சாப்பிட்டு பழகட்டும். அதுக்கப்புறம் பகல்ல திறந்த வெளியில விடுங்க, கூண்டுக்குள்ள வேண்டாம், ஏன்னா தோத்தவ ஓடறதுக்கு இடம் இருக்கணும். ஓடிட்டான்னா ஜெயிச்சவ விட்டுடுவா, ஓட முடியாம மூலையில மாட்டினாத்தான் ரத்தம் வரும். தீனி, தண்ணி ரெண்டையும் ஒண்ணுக்கு ஒண்ணு கண்ணுக்கு தெரியாத மாதிரி ரெண்டு மூணு இடத்துல வைங்க. ஒரே ஒரு கோழியா சேர்க்காம நீங்க செஞ்ச மாதிரி ரெண்டா சேர்க்கிறது நல்லது, அடியும் பிரிஞ்சு போகும், துணையும் இருக்கும். கொஞ்சம் கொத்து விழும், அதை பார்த்து ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய் பிரிக்காதீங்க, பிரிச்சா கணக்கு முடியாமயே இழுக்கும். ரத்தம் வந்தா, இல்ல ஒருத்தியை தீனிக்கே விடாம துரத்துனா மட்டும் நடுவுல போங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, எல்லா கொத்தும் இந்த வரிசைக்காக இல்ல. இட நெருக்கடி, புரதம் பத்தாத தீனி, அதிக வெளிச்சம், உடம்புல பேன், இதுங்களாலயும் இறகை பிடுங்கி தின்ன ஆரம்பிக்கும். வாரக்கணக்குல நிக்காம நடந்தா அதுங்களை சோதிச்சு பாருங்க.

ஒரு கோழி அடை உக்காந்துடுச்சு, அடியில முட்டையே இல்ல, பத்து நாளா வெறும் பெட்டியில உக்காந்திருக்கு, கையை விட்டா சீறுது. என்ன செய்யட்டும்?

பாவம் அவ, உடம்பு சொல்றதை கேக்குறா. புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் ஏறிடுச்சுன்னா முட்டை இருக்கோ இல்லையோ உக்காரத்தான் தோணும். நெஞ்சு இறகை தானே பிடுங்கிக்கிட்டு, தோல் சூடு நேரா முட்டையில படற மாதிரி வெச்சுக்குவா. ஒரு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் எழுந்து தின்னு குடிச்சுட்டு பெரிய எச்சமா போட்டுட்டு ஓடி வந்து உக்காந்துக்குவா, அவ்வளவுதான்.

ரெண்டு வழி இருக்கு. குஞ்சு வேணும்னா சேவல் கூடின முட்டைங்களா வாங்கி ராத்திரியில எல்லாத்தையும் ஒரே தடவையா அடியில வைங்க. கரு சூடு படற வரைக்கும் வளராம காத்திருக்கும், அதனால ஒண்ணா வெச்சா ஒண்ணாத்தான் பொரியும், 21 நாள். பென்சில்ல ஒவ்வொரு முட்டையிலயும் கோடு போட்டுடுங்க, ஏன்னா அவ எழுந்து போற நேரம் பார்த்து மத்தவங்க வந்து அதே கூட்டுல முட்டை இட்டுட்டு போவாங்க, அந்த புது முட்டையை தினமும் எடுத்துடணும், இல்லைன்னா குஞ்சுங்க வந்து அவ எழுந்து போகும்போது பாதி வளர்ந்தது எல்லாம் குளிர்ந்து வீணாயிடும். கடைசி ரெண்டு மூணு நாள் ஓட்டுக்குள்ளேருந்து குஞ்சு கத்தும், தாய் மெதுவா கொக் கொக்குன்னு பதில் சொல்லுவா. அந்த நேரத்துல பக்கத்துல சத்தம் போடாம உக்காந்து கேளுங்க, நான் ஒவ்வொரு தடவையும் கேக்குறேன்.

குஞ்சு வேண்டாம்னா அவளை தெளிய வெக்கணும், சும்மா விடக் கூடாது, மெலிஞ்சு போயிடுவா. அடியில காத்து போற மாதிரி கம்பி தரை போட்ட கூண்டுல, வைக்கோல் எதுவும் போடாம, தீனி தண்ணி மட்டும் வெச்சு மூணு நாள் விடுங்க. வயித்துக்கு அடியில குளிர்ச்சி பட்டா அந்த நினைப்பு அடங்கிடும். சிலர் தண்ணியில முக்கி எடுக்கச் சொல்லுவாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்காது, பயந்து போறதுதான் மிச்சம். தெளிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல மறுபடி முட்டை வரும்.

இளசுங்க ரெண்டும் ராத்திரி ஏறி உக்காந்து தூங்குற பரணுக்கு போகாம முட்டை பெட்டியிலயே தூங்குது, காலைல பெட்டி பூரா எச்சம்.

உங்க பெட்டி பரணை விட உயரமா இருக்கும், இல்லைன்னா பரண்ல பெரியவங்க இடம் விட்டிருக்க மாட்டாங்க. கோழி இருக்கறதுலயே உயரமான இடத்துலதான் தூங்கும், மேல் படிக்காரிங்க நல்ல இடத்தை பிடிச்சுக்குவாங்க. பெட்டியை கீழ இறக்குங்க, பரணை ஒரு கோழிக்கு ஒரு சாண் குறையாம நீட்டுங்க. சாயங்காலம் பெட்டி வாசலை மூடி ரெண்டையும் கையால தூக்கி பரண்ல வைங்க, இருட்டுல கோழிக்கு கண்ணு சரியா தெரியாது, இறங்காது. ஒரு வாரத்துல பழகிடும், ஆனா காலைல விடியறதுக்கு முன்னாடி வாசலை திறந்து விட மறக்காதீங்க.

சேவல் இல்லாம முட்டை வருமா? சேவல் இருந்தா சண்டை குறையுமா?

முட்டைக்கு சேவல் வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேணும். சண்டை விஷயத்துல, நல்ல சேவலா இருந்தா ரெண்டு பெட்டைங்க முட்டிக்கிட்டா நடுவுல போய் நிப்பான். இரை கிடைச்சா தான் தின்னாம கொக் கொக்குன்னு கூப்பிட்டு பெட்டைக்கு கொடுப்பான். இளம் விடைங்க முட்டை இட இடம் தேடும்போது சில சேவல் தானே மூலையில போய் உக்காந்து, தரையை கீறி, மெல்லிசா குரல் கொடுத்து இடம் காட்டுவான், அதை பார்த்திருந்தீங்கன்னா மறக்கவே மாட்டீங்க. ஆனா பெட்டைங்க குறைவா இருந்தா அவன் மிதிச்சு மிதிச்சே அதுங்க முதுகுல இறகு போயிடும். மூணு நாலு பெட்டைக்கு சேவல் வேண்டாம்ங்கிறது என் கருத்து.

எங்க கூட்டத்துலயே பெரிய ஆளா இருந்த கோழி, மூணு வயசு, இப்ப எல்லாரும் அவளை கொத்துறாங்க. பெட்டியிலேருந்து கூட இழுத்து விடுறாங்க. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

விடாதீங்க. இதுக்குத்தான் இந்த தடவை கண்டிப்பா பதில் எழுதணும்னு நினைச்சேன். இறகு கொட்டுற காலமா இருந்தா பயப்பட வேண்டாம். அப்ப கொண்டை சுருங்கி வெளிறும், முட்டை நிக்கும், புது இறகு முளைக்கிற இடத்துல தொட்டாலே வலிக்கும், அதனால அவளே ஒதுங்கிப் போவா, மத்தவங்க அதை பயன்படுத்திக்குவாங்க. இறகு பெரும்பங்கு புரதத்தால ஆனது, அதனால புரதம் கூடுதலா கொடுங்க, ரெண்டு மூணு மாசத்துல கொண்டை சிவந்ததும் தன் இடத்தை திரும்ப கேப்பா.

இறகு கொட்டலைன்னாத்தான் கவலை. கோழி நோயை மறைக்கும், நம்மகிட்ட கடைசி வரைக்கும் காட்டிக்காது, ஆனா கூட இருக்குற கோழிங்களுக்கு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். நான் ஒரு தடவை உங்களை மாதிரியேதான் வயசுன்னு நினைச்சு விட்டேன், வயித்துல முட்டை சிக்கி தண்ணி கோத்திருந்தது, கண்டுபிடிச்சப்ப நேரம் போயிடுச்சு. இன்னிக்கு ராத்திரி அவ பரண்ல இருக்கும்போது தூக்கி மார்பு எலும்பை தடவி பாருங்க, கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருக்கா, வயிறு தண்ணி பை மாதிரி தொங்குதா, கழுத்துக்கு கீழ இரைப்பையில தீனி இருக்கா. காலைல எழுந்ததும் இரைப்பை காலியா இருக்கணும், காலியாகலைன்னா, இல்ல வாலை இறக்கிக்கிட்டு நிமிர்ந்து நின்னு முக்குறான்னா அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.