கையில் பட்டது எதில் கரையும்? – தொழிலாளர் கைநலம் குறித்த கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் வேலை பார்ப்போர் கேட்ட கேள்விகளுக்கு, ஆலை மருந்தகங்களில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் எழுதிய பதில்கள் இவை.

மார்த்தாண்டம் அருகே அண்டியாபீசில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) தல்லுப் பிரிவில், அதாவது கொட்டையின் தோட்டை உடைக்கும் இடத்தில் இருக்கிறேன், அக்கா. விரல் நுனி கறுத்து உரிகிறது. சோப்புப் போட்டால் எரிச்சல் கூடுகிறது. கையுறை போட்டால் எண்ணிக்கை குறைகிறது, கூலியும் குறைகிறது.

தங்கையே, அண்டித் தோட்டின் இரு அடுக்குகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகளில் இருக்கும் நெய்தான் உங்கள் கையைச் சுடுகிறது. அனகார்டிக் அமிலமும் கார்டோலும் அதில் உள்ளன. துணியில் குறியிடச் சலவைக்காரர்கள் பயன்படுத்திய சேங்கொட்டையும், பால் பட்டால் உதடு புண்ணாகும் மாங்காயும் அண்டியின் உறவுகளே. இது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே முதலிலேயே சோப்புப் போட்டுத் தேய்ப்பது நெய்யைக் கையெங்கும் பரப்பிவிட்டு, தோலின் சொந்த எண்ணெயை மட்டும் எடுத்துப் போகிறது. வேலைக்கு உட்காருமுன் விளக்கெண்ணெயை நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் படும்படி தடவுங்கள். இடைவேளையில் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய் தேய்த்து, அதையும் துடைத்தெடுத்த பிறகே சோப்பைத் தொடுங்கள். சாப்பிடும் முன் மட்டுமன்றி, கழிப்பறைக்குப் போகும் முன்னும் இதைச் செய்ய வேண்டும். கழுத்திலும் தொடையிலும் தடிப்போடு வந்த பல பெண்களின் கைகளைப் பார்த்தபோதுதான் இதன் காரணம் எனக்கு விளங்கியது. கையில் பூசும் சாம்பல் நெய்யை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அது காரத்தன்மை உடையது, வியர்வையோடு சேர்ந்தால் கையை வெடிக்கச் செய்யும்.

பாறசாலையில் லேத் பட்டறையில் இருக்கிறேன். கிரீஸ் போக மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவுகிறோம். தவறா?

தவறுதான், தம்பி. கிரீஸைக் கரைப்பது தோலின் கொழுப்பையும் கரைத்துவிடும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்து, பஞ்சு வேஸ்டால் துடைத்து, பின் மென்மையான சோப்பால் கழுவுங்கள். சலவைத்தூளோடு மரத்தூள் கலந்து தேய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். அதனால் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கூலண்ட் (இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) புகுகிறது. தொடையில் சிறு கட்டிகள் இருந்தால், எண்ணெய்த் துணியைச் சட்டைப்பையில் செருகாமல் கால்சட்டைப்பையில் செருகுகிறீர்களா என்று பாருங்கள்.

கொத்து வேலை செய்கிறேன். எனக்கும் எண்ணெய் முறை பொருந்துமா?

பொருந்தாது. நனைந்த சிமென்டு கடும் காரம்; அமில-கார அளவான pH-இல் அது 12-க்கு மேல். தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சிமென்டு உடனே வலிக்காது, மாலையில்தான் புண் தெரியும் என்பதே அதன் ஆபத்து. ஓடும் தண்ணீரில் தாராளமாகக் கழுவுங்கள். கையுறைக்குள் கலவை புகுந்தால் அதைக் கழற்றாமல் வேலையைத் தொடர்வது வெறுங்கையைவிட மோசம். சிமென்டிலுள்ள குரோமியத்துக்கு ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், அதன்பின் சிறிதளவு பட்டாலும் அரிப்பு திரும்பும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிறோம். பாலை உறைய வைக்கும் ஆசிட் கையில் பட்டால்?

குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் பிடியுங்கள். எண்ணெயோ பற்பசையோ வேண்டாம். நீர்க்க வைக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அன்று.

ரப்பர் கையுறை போட்டதும் மணிக்கட்டு வரை அரிக்கிறது.

ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களோ ரப்பர் பாலிலுள்ள புரதமோ காரணமாக இருக்கலாம். நைட்ரைல் கையுறைக்கு மாறியும் அரிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் சோதனை (எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கை கழுவ இடம் கேட்டால், மேற்பார்வையாளர் வெளிக்குழாயைக் காட்டுகிறார்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவே கழுவும் வசதியைப் பற்றியதாகத்தான் இருந்தது; இது சலுகையாகக் கேட்கும் பொருளே அன்று. நான் இருந்த ஓர் ஆலையில் தொட்டி இருந்தது, ஆனால் சோப்பு அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி மேலாளரிடம். பெண்கள் நால்வராகச் சேர்ந்து போய்க் கேட்டார்கள். மறுநாள் சாவி ஆணியில் தொங்கியது.