தி மானுமெண்ட்ஸ் மென் ஏன் சப்பென்று போனது? – கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஐரோப்பா முழுக்க வாரிச் சுருட்டிய ஓவியங்களையும் சிலைகளையும் மீட்கப் போன நேச நாட்டுக் குழுவின் கதை. ஜார்ஜ் க்ளூனி இயக்கி, நடித்து 2014இல் வந்தது. படத்தைப் பற்றியும் அதன் பின்னாலுள்ள வரலாற்றைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கே: க்ளூனி, மாட் டேமன், பில் மர்ரே, ஜான் குட்மேன், கேட் பிளான்செட்... இவ்வளவு பேர் இருந்தும் பாதியில் தூங்கிவிட்டேன். தப்பு என் மேலா, படத்தின் மேலா?

படத்தின் மேல்தான், சந்தேகமே வேண்டாம். ஆட்களைச் சேர்த்த கையோடு இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ஜோடியோடு நாம் ஒட்டுவதற்குள் கதை அடுத்த ஜோடிக்குத் தாவிவிடுகிறது. வில்லன்களும் தலையைக் காட்டிவிட்டுப் போவதோடு சரி. நடுநடுவே க்ளூனி, கலை ஏன் முக்கியம் என்று பிரசங்கம் செய்கிறார். நாஜிகள் தூக்கிப்போன, பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்துப் பீட ஓவியத்தின் மேல் காமிரா ஒரு நிமிடம் நின்றிருந்தால் அந்தப் பிரசங்கமே தேவைப்பட்டிருக்காது. போதாததற்குப் பின்னணி இசை வேறு, எல்லோரும் பிக்னிக் கிளம்பியது போலக் கூடவே வருகிறது.

கே: எவ்வளவு உண்மை, எவ்வளவு கப்ஸா?

அப்படி ஒரு பிரிவு இருந்தது உண்மை. போரின்போதும் அதற்குப் பிறகும் சேர்த்து, பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 345 ஆண்களும் பெண்களும் அதில் வேலை பார்த்தார்கள். ஆனால் சண்டை நடந்த நாட்களில் முன்னணியில் இருந்தவர்கள் மிகச் சிலர்தான். படத்தில் வருவது போல ஒரே பட்டாளமாகச் சேர்ந்து சுற்றவும் இல்லை. பெரும்பாலும் தனித்தனி ஆட்கள். சொந்தமாக வண்டி கூடக் கிடையாது.

க்ளூனி பாத்திரத்துக்கு மூலம் ஜார்ஜ் ஸ்டௌட், ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாப்பு நிபுணர். ஜெர்மனியின் மெர்க்கர்ஸ் சுரங்கத்தில் நாஜிகள் ஒளித்துவைத்திருந்த ஓவியங்களை அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்தபோது, கட்டிப் பொதிய எதுவும் கிடைக்கவில்லை. ஜெர்மன் ராணுவத்தின் ஆட்டுத்தோல் கோட்டுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு சுற்றி அனுப்பிவிட்டார் மனிதர். எனக்கு இந்தக் கோட்டுச் சமாசாரம் படத்தின் மொத்த வசனத்தையும்விடப் பிடிக்கும்.

கே: கேட் பிளான்செட் பாத்திரம் நிஜ ஆளா? மாட் டேமனோடு அந்தக் காதல்?

நிஜ ஆள்தான். பெயர் ரோஸ் வலாண்ட். காதல் திரைக்கதையின் கைங்கரியம்.

இந்தப் படத்தின்மேல் எனக்குள்ள பெரிய கோபமே இங்கேதான். பாரிஸில் ஜூ த போம் என்ற சிறிய அருங்காட்சியகத்தை, யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த கலைப்பொருட்களைச் சேர்த்துவைக்கும் கிடங்காக நாஜிகள் மாற்றினார்கள். ஹிட்லரின் முக்கியத் தளபதி கோரிங் அங்கே திரும்பத் திரும்ப வந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போனார். அதே கட்டடத்தில் வலாண்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியும் என்பது நாஜிகளுக்குத் தெரியாது. எது யாருடையது, எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதையெல்லாம் நான்கு வருடம் ரகசியமாகக் குறித்துவைத்தார். மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும். கடைசியில் அந்தக் குறிப்புகளை அவர் ஒப்படைத்தது, பின்னாளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநரான ஜேம்ஸ் ரோரிமரிடம். படத்தில் மாட் டேமன் செய்வது இவர் சாயலைத்தான். ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போனால் பிரான்சிலிருந்து போன சரக்கு இருக்கும் என்று வழிகாட்டியது வலாண்டின் தகவல். போர் முடிந்ததும் பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டனாக ஜெர்மனிக்கே போய், வருடக்கணக்கில் தேடி மீட்டார்.

இந்தப் பெண்ணைச் சுற்றியல்லவா படம் எடுத்திருக்க வேண்டும்! அவரை ஒரு மேசை விளக்கின் கீழ் உட்காரவைத்து, இரவு தங்கிவிட்டுப் போகலாமே என்று டேமனிடம் கேட்கவைத்திருக்கிறார்கள்.

கே: தோற்றால் கலைப்பொருட்களை அழித்துவிடச் சொல்லி ஹிட்லர் ஆணையிட்டதாகப் படத்தில் வருகிறதே?

1945 மார்ச் 19ஆம் தேதி ஆணையைச் சொல்கிறீர்கள். நீரோ ஆணை என்று பெயர் பெற்றது. எதிரி கைக்குப் போகாமல் பாலம், ரயில்பாதை, தொழிற்சாலை எல்லாவற்றையும் நாசமாக்கச் சொன்னதே தவிர, ஓவியங்களைப் பற்றி அதில் பேச்சில்லை. இன்னும் சொல்லப்போனால், தன் ஓவியத் தொகுப்பு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அமையவிருந்த அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்றுதான் சாவதற்கு முன் உயில் எழுதினார்.

ஆபத்து வந்தது வேறு ஆளிடமிருந்து. ஆஸ்திரியாவில் ஆல்ட்டௌசே உப்புச் சுரங்கத்தில் 6,500க்கும் மேற்பட்ட ஓவியங்கள், மைக்கேலாஞ்சலோவின் ப்ரூஜ் மடோனா சிலை, கெண்ட் பீட ஓவியம் எல்லாம் இருந்தன. அந்தப் பகுதியின் நாஜித் தலைவர் ஐக்ரூபர், ஒவ்வொன்றும் 500 கிலோ எடையுள்ள எட்டு வெடிகுண்டுகளை உள்ளே வைக்கச் செய்தார். குண்டுகள் இருந்த பெட்டிகளின் மேல் ‘பளிங்கு, கவனம்’ என்று எழுதியிருந்தது. விஷயம் கசிந்ததும் சுரங்க அதிகாரிகளும் தொழிலாளர்களும் பதறிப்போனார்கள். சுரங்கம் போனால் அவர்கள் பிழைப்பும் போய்விடும். மே மாதத் தொடக்கத்தில் குண்டுகளை வெளியே தூக்கிப்போட்டார்கள். அப்புறம் சிறிய வெடிகளால் சுரங்க வாயில்களை மட்டும் தகர்த்து மூடிவிட்டார்கள். ஐக்ரூபரைத் தாண்டி இதைச் செய்ய அவர்களுக்குச் சம்மதம் கொடுத்தவர் யார் தெரியுமா? நாஜிப் பாதுகாப்புத் துறைத் தலைவர் கால்டென்ப்ருன்னர், அடுத்த வருடம் நூரெம்பெர்க் போர்க்குற்ற விசாரணைத் தீர்ப்பில் தூக்கிலேறியவர். உப்புத் தொழிலாளிகள், ஊர் அதிகாரிகள், கொடூரமான ஒரு நாஜி என்று இவ்வளவு முரண் உள்ள கதை கையில் இருந்தும் படம் அதன்மேல் நிற்கவே இல்லை. அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தபோது குண்டுகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. ஹாலிவுட்டுக்கு அது வசதிப்படவில்லை போலிருக்கிறது.

கே: மடோனா சிலையைக் காக்கப் போய் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சாகிறாரே, அது நடந்ததா?

அப்படி நடக்கவில்லை. ஆனால் இந்தப் பிரிவில் இரண்டு பேர் பணியின்போது இறந்தார்கள். பிரிட்டனின் ரொனால்ட் பால்ஃபர் 1945 மார்ச்சில் ஜெர்மனியின் க்ளேவ நகரில், தேவாலயப் பொருட்களை அப்புறப்படுத்தும்போது குண்டுவீச்சில் சிக்கினார். அடுத்த மாதம் அமெரிக்கரான வால்டர் ஹக்ட்ஹௌசன்.

கே: ஹிட்டா, ஃப்ளாப்பா?

சுமார் 7 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 15 கோடிக்குக் கொஞ்சம் மேல் வசூல். கையைக் கடிக்கவில்லை. 2013 டிசம்பரில் வர வேண்டியதைப் பிப்ரவரிக்குத் தள்ளியபோதே ஆஸ்கர் ஆசை போய்விட்டது.

கே: இதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம்?

1964இல் ஜான் ஃப்ராங்கன்ஹைமர் இயக்கி, பர்ட் லங்காஸ்டர் நடித்த தி ட்ரெய்ன். ஓவியங்களோடு பாரிஸிலிருந்து கிளம்பும் ரயிலை ஜெர்மனி போகாமல் தடுக்கும் கதை, வலாண்டின் நினைவுக் குறிப்பிலிருந்து எடுத்தது. அதிலும் கற்பனை அதிகம்தான். நிஜ ரயில் பாரிஸ் புறநகரைத் தாண்டவே இல்லை. 1944 ஆகஸ்டில் அதை மடக்கிய பிரெஞ்சு லெப்டினன்ட் அலெக்சாந்தர் ரோசன்பெர்க். பெட்டிகளைத் திறந்தால், அவருடைய அப்பாவிடமிருந்து நாஜிகள் பறித்த ஓவியங்களே உள்ளே இருந்தன. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பவே மாட்டோம்.

கே: இன்னும் கிடைக்காத முக்கியமான ஓவியம் ஏதாவது?

ரஃபேல் வரைந்த இளைஞன் ஒருவனின் உருவப்படம். போலந்தின் க்ராகூஃப் நகரில் சார்டோரிஸ்கி தொகுப்பில் இருந்தது. போருக்குப் பிறகு தடயமே இல்லை.

கே: பத்தாவது படிக்கும் மகனோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாக. ரத்தக்களரி அதிகம் இல்லை. பில் மர்ரே முகாமில் தன் குடும்பத்தாரின் குரல் பதிவைக் கேட்கும் காட்சியும், மாட் டேமன் கண்ணிவெடி மேல் கால்வைத்து நிற்கும் காட்சியும் நன்றாகவே இருக்கும். பையன் வரலாற்றில் ஆர்வம் உள்ளவன் என்றால் வலாண்டின் கதையை முன்னாடியே சொல்லிவிடுங்கள். கேட் பிளான்செட் வரும் காட்சிகள் அவனுக்குக் கொஞ்சம் கனமாகத் தெரியும்.