பனிக்கு மார்க் போடாதீர்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் 'ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடம்' எடுத்துவரச் சொல்லியிருந்தோம். பதினோரு குழுவில் ஒன்பது குழு ஏற்காட்டில் போய் எடுத்திருக்கிறார்கள். எல்லாமே பார்க்க நன்றாக இருக்கின்றன. எல்லாமே ஒன்றுபோலவும் இருக்கின்றன. 25 மதிப்பெண்ணுக்கு இதை எப்படித் திருத்துவது? விடைத்தாள் திருத்திப் பழகியவள் நான், படத்தைத் திருத்தியதில்லை. மாதிரிக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பியதை மூன்று தடவை பார்த்தேன் மேடம். மொத்தம் 2 நிமிடம் 8 விநாடி. அதில் முதல் 38 விநாடி முழுக்கப் பனி. கொண்டை ஊசி வளைவின் எண் பலகை, பனி, சில்வர் ஓக் மரங்கள், அதன்மேல் ஏறிய மிளகுக்கொடி, மறுபடி பனி, ட்ரோனில் மேலேயிருந்து ஒருமுறை பனி. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அந்த 38 விநாடியை எடுத்தது சேர்வராயன் மலை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில், யார் செல்போனை நீட்டினாலும் அது கிடைக்கும். பிள்ளைகள் செய்தது விடியற்காலையில் எழுந்து இருபது வளைவு ஏறிப் போனது. அதற்குப் பாராட்டு உண்டு, மார்க் கிடையாது.

ஒன்பது படமும் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணமும் இதுதான். மலை இலவசமாகக் கொடுத்ததை ஒன்பது பேரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மீதி நிற்பதுதான் அவர்கள் எடுத்த படம்.

ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ. உங்கள் மாணவர்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருப்பார்கள். மலை கண்ணெதிரே இருந்தும், அந்தக் காலத்தில் இரவையும் நிழலையும் பெரும்பாலும் தளத்துக்குள் விளக்கு வைத்துத்தான் உண்டாக்கினார்கள். எந்த விளக்கு எங்கே, யார் முகத்தில் பாதி இருட்டு என்று ஒவ்வொன்றையும் ஒரு ஆள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. நாம் மார்க் போட வேண்டியது அந்த முடிவுக்குத்தான்.

உங்கள் மாதிரிப் படத்தில் அப்படி ஒரு முடிவு இருக்கிறது. 1 நிமிடம் 12ஆவது விநாடிக்குப் போங்கள். எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களம். சிமெண்டுத் தரை முழுக்கப் பழத்தைப் பரப்பியிருக்கிறார்கள். அதன் நடுவே ஒரு ஆள் நடந்துபோன தடம்: கால் பட்ட இடத்தில் பழம் விலகி, சிமெண்டு தெரிகிறது. ஏழெட்டு அடி உள்ளே போகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. திரும்பி வந்த தடம் இல்லை, அந்தப் பக்கம் போன தடமும் இல்லை.

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஆள் எங்கே? யாரோ தூக்கிவிட்டார்களா? பரப்பின பழத்துக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா? யாராவது வேண்டுமென்றே இப்படித் தடம் போட்டுவிட்டு அதன்மேலேயே பின்னால் நடந்து வந்தார்களா? ஒரு வசனம் இல்லை, கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஏற்காட்டுக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய படம் அது. களம் தெரிந்த பிள்ளை யாரோ அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

அந்த ஷாட் திரையில் இருப்பது இரண்டே விநாடி! உடனே தொப்பி போட்ட ஒருவன் வருகிறான், பெண் அலறுகிறாள், திரை இருள்கிறது, டைட்டில். கையில் தங்கம் வைத்துக்கொண்டு பித்தளைக்கு முலாம் பூசியிருக்கிறார்கள்.

ஒரு த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒரே வேலைதான். பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை ஊன்ற வேண்டும், பதில் தெரியாமல் எழுந்து போக முடியாதபடி. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பிக்கிறது. சுட்டது யார் என்ற கேள்வி விழுந்துவிட்டது. அதற்கப்புறம் படம் முழுக்கப் பாட்டே இல்லாமல் நம்மை உட்காரவைத்தார்கள். வகுப்பில் அதன் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். மலையும் இல்லை, பனியும் இல்லை.

கேள்வி ஊன்றியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வேறு துறையிலிருந்து பத்து மாணவர்களைக் கூப்பிடுங்கள், வணிகவியல், கணிதம், எதுவானாலும் சரி. எடுத்தவர்களின் நண்பர்கள் வேண்டாம். படத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தையும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு வரி: "அடுத்து உனக்கு எது தெரியணும்?" பத்தில் ஆறேழு சீட்டில் ஏறக்குறைய ஒரே கேள்வி வந்தால் அந்தக் குழு ஜெயித்துவிட்டது. ஆளுக்கொரு கேள்வி வந்தால் குழப்பியிருக்கிறார்கள். "பயமா இருந்துச்சு", "செம லொகேஷன்" என்று வந்தால் பேசுவது பனி. படம் ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பாருங்கள். எந்த விநாடியில் கை செல்போனுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் எதையாவது வெட்டியிருக்க வேண்டும்.

பயமும் பதற்றமும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் மலைக்குப் போனதும் த்ரில்லர் பேய்ப்படமாகிவிடுகிறது. த்ரில்லரில் ஆபத்துக்கு ஒரு கை இருக்க வேண்டும், செய்கிற ஆள் ஒருவன், அவனுக்கு ஒரு காரணம். அதைவிட முக்கியம், யாருக்கு எது தெரியும் என்ற கணக்கு. ஏரிப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடிக்கிறார் என்று வையுங்கள். மகள் போன் செய்கிறாள், "இதோ கிளம்பிட்டேன் கண்ணு, இறங்கிட்டே இருக்கேன்" என்கிறார். கேமரா கீழே போகிறது. வண்டிக்கு அடியில் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இருபது வளைவும் இனி இறக்கம். இப்போது அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சில்லறை தேடுகிற பத்து விநாடி நமக்குப் பத்து நிமிடம். இதையே திருப்பி, வண்டி திடீரென்று பள்ளத்தில் பாய்வதாக மட்டும் காட்டினால் ஒரு திடுக், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது ஓரத்தில் எழுதுங்கள்: நமக்கு அதிகம் தெரியுமா, பாத்திரத்துக்கு அதிகம் தெரியுமா, இருவருக்கும் ஒரே அளவா. மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எடுத்தவர்களுக்கே அது தெரியவில்லை என்றால்தான் மார்க் குறைய வேண்டும்.

அடுத்தது ஒலி. மாணவர் படங்களில் பாதி இங்கேதான் சாகின்றன. மலைக்காற்றில் கேமராவின் மைக் புஸ்ஸென்று இரையும். அதை மறைக்க இணையத்திலிருந்து இறக்கிய ஒரு 'டூம்' இசையை ஆரம்பம் முதல் கடைசிவரை பூசிவிடுவார்கள். உங்கள் மாதிரியில் 1.40இல் ஒரு கொலுசுச் சத்தம் வருகிறது, கவனித்தீர்களா? அந்தப் பெண் போட்டிருப்பது கேன்வாஸ் ஷூ. கொலுசுக்கே பேர்போன ஊரில் இருந்துகொண்டு, காலில் இல்லாத கொலுசுக்கு எங்கோ பதிவான சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், முத்து வைத்ததற்கும் வைக்காததற்கும் ஓசை எப்படி மாறுகிறது என்று காதாலேயே படித்திருக்கலாம்.

திருத்தும்போது ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை திரையை அணைத்துக் கேளுங்கள், ஒருமுறை ஒலியை அணைத்துப் பாருங்கள். இரண்டிலும் கதை கொஞ்சமாவது நகர வேண்டும். படப்பிடிப்பு இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிட மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். எஸ்டேட்டின் மௌனம் வேறு, லாட்ஜ் அறையின் மௌனம் வேறு. அந்த ஒரு நிமிடம் கையில் இருந்தால் வெட்டின இடங்களை ஒட்ட இசையே தேவைப்படாது. மைக் வாங்கக் காசில்லை என்பார்கள். இன்னொரு செல்போனை ஒரு கம்பளிச் சால்வைக்குள் சுற்றி, பேசுபவருக்கு அருகில், ஃபிரேமுக்கு வெளியே வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படப்பிடிப்பில் தொழில்நுட்பத் தப்புகளுக்கு ரொம்பக் கோபப்படாதீர்கள். பனி பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். ஒருவரைக் காட்டும்போது புகைமூட்டம், எதிரே நிற்பவரைக் காட்டும்போது வெயில் என்று வருவது சகஜம். முன்யோசனை இருந்தால் இரண்டு பக்கத்து க்ளோசப்பையும் முதலில் எடுத்துக்கொண்டு, லாங் ஷாட்டைப் பிறகு எடுத்திருப்பார்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை, ஆட்டோவில் விட்டால் ஒரு ஷாட் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் தெரியும். அறைக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால், அது ஷட்டர் வேகத் தப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும்; ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் போய்விடும். இவையெல்லாம் ஒருமுறை சொன்னால் திருந்துகிற தப்புகள். பின்தொடர்பவனும் பின்தொடரப்படுபவளும் ஒரு ஷாட்டில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் ஓடினால் மட்டும் விடாதீர்கள். துரத்துகிறானா, எதிரே வருகிறானா என்றே பார்ப்பவருக்குப் புரியாது. அங்கே கெடுவது கதை.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைந்திருக்கிறதா பாருங்கள். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கிடக்கும். பல எடிட்டிங் மென்பொருட்களில் தெற்காசிய எழுத்துக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, மாற்றினால் சரியாகும். மாற்றாமல் ஆங்கிலத்தில் பெயர் வைத்துத் தப்பித்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக மாணவர்கள் எழுதித் தருகிற தன்மதிப்பீடு. "பதற்றத்தை உருவாக்கக் குறைந்த ஒளியைப் பயன்படுத்தினோம்" என்று பதினோரு பேரும் எழுதுவார்கள், அது பாடப்புத்தகம். இரண்டே கேள்வி கேளுங்கள். பிடித்திருந்தும் தூக்கி எறிந்த ஷாட் எது, ஏன்? துண்டுச்சீட்டுகளைப் படித்த பிறகு எந்த விநாடியை மாற்றினீர்கள்? இதற்குப் பொய்யாகப் பதில் எழுத முடியாது, டைம்லைனைத் திறந்து காட்டச் சொன்னால் முடிந்தது.

மதிப்பெண்ணை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கேள்வியை ஊன்றியதற்கும் யாருக்கு எது தெரியும் என்ற கணக்குக்கும் 8. ஒலிக்கு 6. ஷாட் தேர்வுக்கும் வெட்டுக்கும் 5. தன்மதிப்பீட்டுக்கு 4. டைட்டிலுக்கு 2. லொகேஷன் அழகுக்கு எதுவும் இல்லை. இதைப் படம் எடுக்கப் போகும் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் ஒன்பது குழு ஏற்காடு போகாது. இரண்டு குழுவாவது அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டுக்குள் நுழையும். ஓடிக்கொண்டிருந்த தறி நடுராத்திரியில் சட்டென்று நின்றால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். கொண்டை ஊசி வளைவில் ட்ரைபாடை வைத்து எடுத்திருந்தால் மார்க் கொடுப்பதற்கு முன் உட்காரவைத்துக் கண்டியுங்கள். மேலேயிருந்து இறங்குகிற பஸ்ஸுக்கு அவர்கள் படம் எடுப்பது தெரியாது. பொம்மைத் துப்பாக்கியோடு ரோட்டில் ஓடுவதாக இருந்தால் உள்ளூர் காவல் நிலையத்திலும், காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறையிலும் முதலில் அனுமதி வாங்கட்டும்.

உங்கள் மாதிரிப் படத்துக்கு நான் இப்போதைக்கு 25க்கு 13 போடுவேன். போட்டுவிட்டு, மறுபடி எடிட் செய்ய ஒரு வாரம் கொடுப்பேன். களத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். அந்தத் தடத்தை எட்டு விநாடியாவது அசையாமல் காட்டட்டும். பனியில் மூன்று ஷாட் போதும். அலறலும் கொலுசும் வேண்டவே வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்று விசாரியுங்கள்: களத்தில் எடுத்த முழு ரஷ், அதாவது வெட்டாத மூலப்பதிவு, இன்னும் கார்டில் இருக்கிறதா? அழித்துவிட்டார்கள் என்றால், இனி அடுத்த அறுவடைக்குக் களத்தில் பழம் பரப்புகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.