பாலக்காட்டுக் காற்றில் தொட்டித் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலக்காட்டில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை வெயில் விழுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா சொன்னபடி, மார்கழியில் செம்மண் நிரப்பிய தொட்டிகளில் தக்காளியும் மிளகாயும் வைத்தேன். காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றியும் தை மாதத்தில் இலை நுனி கருகிச் செடிகள் வாடிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கிறது. மேல்மண் காய்ந்து கிடக்கும்போது வேர் எப்படி அழுகும்?
– வாசகி, பாலக்காடு

பதில்: செடிகளைக் கெடுத்தது வெயிலன்று, காற்று. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் திறந்து கிடக்கும் கணவாயின் வழியாக, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசுகிறது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான். அது உங்கள் பால்கனிக்கு நேர் எதிராக வந்து, இலையிலுள்ள ஈரத்தையும் தொட்டியின் மேல் இரண்டு விரற்கடை மண்ணையும் சில மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. நீங்கள் மேல்மண்ணைப் பார்த்து மறுபடியும் நீர் ஊற்றுகிறீர்கள். வெறும் செம்மண் தொட்டிக்குள் இறுகிவிடுவதால், அடியில் தேங்கிய நீர் வடியாமல், காற்றோட்டமற்ற சேற்றில் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை மேலும் வாடுகிறது. அதைத் தாகம் என்று எண்ணி மீண்டும் ஊற்றுவது எல்லோரும் செய்யும் பிழைதான்.

செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், கட்டியை ஊறவைத்து இரண்டு முறையாவது நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கேயும் ஈரமில்லாவிட்டால் மட்டும் நீர் ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி, கைப்பிடிக் கம்பிகளில் நிழல்வலை கட்டுங்கள். தகரமோ பிளாஸ்டிக் தாளோ கட்டினால் காற்று அதன் மேலேறி உள்ளே சுழன்று விழும். வலையோ காற்றை உள்ளே விட்டு அதன் வேகத்தை மட்டும் குறைக்கும்.

தக்காளியை விட்டுவிடுவதே நல்லது. அதற்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்; நான்கு மணி நேரத்தில் செடி வளர்வதோடு சரி, காய் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. காந்தாரி மிளகாயும் கீரையும் உங்கள் பால்கனிக்குப் பொருந்தும். அக்கா சொன்ன மாதக் கணக்கு கோவைக்குச் சரி, ஆனால் மாநில எல்லையிலுள்ள வாளையாற்றைத் தாண்டினால் மழையின் கணக்கே வேறு. கோவையில் வடகிழக்குப் பருவமழை முக்கியம். இங்கே பெரும்பகுதி மழை ஜூன் முதல் தென்மேற்கிலிருந்து கொட்டுகிறது. அம்மழையில் செங்கீரையின் இலைகளில் புள்ளி விழுந்து கருகும் என்பதால், அப்போது பச்சைத் தண்டுக்கீரையை விதையுங்கள். மிளகாய் நாற்றை அக்டோபர் இறுதியில் நட்டுவிட்டால், கிழக்குக் காற்று தொடங்குமுன் வேர் பிடித்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய கட்டடத்தின் பால்கனி எத்தனை தொட்டிகளைத் தாங்கும்? கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் சொட்டுகிறது என்றும் குறைப்படுகிறார்.
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: குடியிருப்புகளின் பால்கனிக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிர்ணயம் குறிக்கும் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. நிற்கும் மனிதர்களும் அதற்குள் அடக்கம். 12 அங்குலச் செடிப்பை ஒன்றில் மண்ணை மட்டும் நிரப்பி நனைத்தால் 30 கிலோவை எட்டிவிடும்; அப்படி ஒன்பது பைகளை நெருக்கி வைத்தாலே அந்தச் சதுர மீட்டரின் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. பழைய கட்டடம் என்பதால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மேலே சொன்ன கலவை எடையைக் குறைக்கும். பால்கனி சுவரிலிருந்து நீண்டு நிற்பதால், கனமான தொட்டிகளை வெளி ஓரத்தில் வைக்காமல் வீட்டுச் சுவரையொட்டி வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் ஒன்றுகூட வேண்டாம்.

சொட்டும் நீருக்கு அடித்தட்டு போதும். ஆனால் தட்டில் நீரைத் தேங்கவிடாதீர்கள்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். கீழ்வீட்டாரின் குறையைவிட இதுவே பெரிது.

கேள்வி: குருமிளகைத் தொட்டியில் வளர்க்கலாமா? கொடி ஏற மரமில்லையே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக வளர்க்கலாம். மிளகுக் கொடியில் மேலேறும் தண்டு வேறு, காய்க்கும் பக்கக்கிளை வேறு. பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், அது ஏறாமல் புதராகவே நின்று காய்க்கும். நாற்றுப்பண்ணையில் புதர்மிளகு என்று கேட்டு வாங்குங்கள். பாதி நிழல் அதற்குப் பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும் தொட்டியின் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் தேங்கினால் வாடல் நோய் வந்து சில நாட்களில் செடி போய்விடும்.