வேலம்பாசி இலையில் பசுங்கணிகம் நகரவில்லையா?

கேள்வி: கடலூரில் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். வெளிச்சத்துக்கேற்பப் பசுங்கணிகங்கள் (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகள்) இடம் மாறுவதை வேலம்பாசி (ஹைட்ரில்லா) இலையில் காட்ட முயன்றேன். இருட்டில் வைத்த இலையும் வெயிலில் வைத்த இலையும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஏன்?

பதில்: முதல் சந்தேகம் உங்கள் நுண்ணோக்கி விளக்கின் மேல்தான். பசுங்கணிகத்தை நகரச் சொல்வது நீல ஒளி, வெள்ளை எல்.இ.டி. விளக்கில் அது தாராளம். மாணவர்கள் வரிசையாக வந்து பார்ப்பதற்குள் அந்த விளக்கே இரண்டு இலைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஒளியைக் குறைத்து, ஓரிரு நிமிடத்தில் செல்போனில் படம் எடுத்து, அதையே வகுப்பில் காட்டுங்கள்.

ஒப்பிடும் ஜோடியையும் மாற்றுங்கள். முழு இருட்டில் பசுங்கணிகம் எங்கே நிற்கும் என்பது செடிக்குச் செடி மாறும். மங்கிய வெளிச்சத்தில் அவை ஒளி விழும் முகப்பில் பரவி நிற்கும். கடும் வெயிலில் பக்கச் சுவர்களில் ஒதுங்கி, செல்லின் நடுப்பகுதி வெளுத்துத் தெரியும்.

செல்லுக்குள் நடப்பது இதுதான். நீல ஒளியை போட்டோட்ரோபின் என்ற புரதம் உணர்கிறது. இதில் இரண்டு வகை: மங்கிய ஒளிக்கு இரண்டுமே வேலை செய்யும், கடும் ஒளியிலிருந்து விலக்குவது பெரும்பாலும் இரண்டாவது வகை. இது ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2001இல் தெரிய வந்தது. பசுங்கணிகத்தின் விளிம்பைச் சுற்றிக் ஆக்டின் என்ற புரதத்தாலான குட்டையான இழைகள் உண்டு. கடும் நீல ஒளி பட்டதும் அவை கலைந்து, பசுங்கணிகம் போக வேண்டிய பக்கத்தில் அடர்த்தியாக மீண்டும் உருவாகின்றன. அந்தப் பக்கமாகவே அது நகர்கிறது. செல்லின் மற்றொரு வகைப் புரத இழைகளான நுண்குழல்களுக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆகவே நுண்குழல்களைக் கலைக்கும் கொல்சிசின் என்ற வேதிப்பொருளைப் போட்டு நிறுத்திக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள இளம் இலைகளை முதல் நாள் மாலையே எடுத்து, குளத்து நீரில் மங்கலான மூலையில் வையுங்கள். காலை ஒன்பது மணி வெயிலில் பாதி இலைகளை 30 முதல் 45 நிமிடம் வைத்தால் போதும். நம்மூர் உச்சி வெயிலில் சிறு தட்டின் நீர் சூடாகி செல்கள் செத்துவிடும். செத்த செல்லிலும் பசுங்கணிகங்கள் ஒரு மூலையில் குவிந்து, விலகலைப் போலவே ஏமாற்றும். தட்டைப் பெரிய வாளி நீரில் மிதக்கவிடுங்கள்.

இலை இரண்டு செல் அடுக்கு கொண்டது. மேல் அடுக்கை மட்டும் ஃபோகஸ் செய்யுங்கள், நடுநரம்பைத் தவிருங்கள். புதிதாக வெட்டிய இலையில் பசுங்கணிகங்கள் வட்டமாக ஓடினால் அது காயத்தால் தூண்டப்பட்ட ஓட்டமாக இருக்கலாம், அடங்கும்வரை காத்திருங்கள்.